திங்கட்கிழமைச் சீட்டு

எங்க ஸ்கூல் பிரேயர்ல தினமும் ஒரு சீட்டு படிப்பாங்க. ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதோட அர்த்தம், அது எங்கிருந்து வந்தது, கடைசியில வரலாற்றில் இன்று. அந்தச் சீட்டுங்களை எழுதற வேலை இங்கிலீஷ் டீச்சரான என் தலையில. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்துக்கு அஞ்சு சீட்டு எழுதி, மேல கிழமை போட்டு, ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கற பிஸ்கட் டப்பாவுல போட்டுட்டு வூட்டுக்குக் கிளம்புவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க நம்பர் வரிசையில எடுத்து, இங்கிலீஷ்ல படிச்சுட்டு தமிழ்லயும் சொல்லணும்.

எழுதறதாவது மண்ணாங்கட்டியாவது. போன்ல வர்ற லிஸ்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கிறதுதான். அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு கை மட்டும் ஓடிச்சு, புத்தி பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு.

திங்கட்கிழமை காலையில கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போற டவுன் பஸ்ல உக்காந்து, சும்மா அந்த லிஸ்டை மறுபடி தள்ளிப் பார்த்தேன். முதல் வார்த்தை, பரையா. அர்த்தம், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். எங்கிருந்து வந்தது? தமிழ்ல பறை அடிக்கிற சாதியோட பேர்ல இருந்து. இதை என் கையாலதான் எழுதிப் போட்டிருக்கேன். இன்னைக்கு யார் முறைன்னு விரல் விட்டு எண்ணினேன். காலனியிலிருந்து வர்ற ஒரு பொண்ணு. அவங்கப்பா சாவுக்குப் பறை அடிக்கிறவரு. மொத்த ஸ்கூல் முன்னாடி மைக்ல இதை அவ படிக்கணும்.

ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன் பண்ணா முடிஞ்சுது. சீட்டை எடுத்துடுங்க சார்னு சொல்லணும், அவ்வளவுதான். ரெண்டு தடவை நம்பரைத் தட்டி, ரெண்டு தடவையும் கட் பண்ணேன். ஏம்மா, டிக்ஷனரியில இருக்கற வார்த்தைதானே, உங்களுக்கு இன்னா அதுலன்னு கேட்பாரு. எனக்கு இன்னா அதுலன்னு சொன்னா, இந்த ஸ்கூல்ல ஏழு வருஷமா வாயைத் திறக்காம வச்சிருந்தது வெளிய வந்துடும். எங்கப்பாவும் பறை அடிச்சவருதான். எனக்குக் கிறிஸ்தவப் பேரு, டவுன்ல வாடகை வூடு. யாரும் கேட்கல, நானும் சொல்லல. என்மேல எனக்கே எரிச்சலா வந்துச்சு. பயம் அதைவிட ஜாஸ்தியா இருந்துச்சு.

யாருக்கும் தெரியாம நானே போய்ச் சீட்டை மாத்திடலாம்னு பார்த்தா, முன்னாடி ஒரு டிராக்டர் வழி விடாம போய்க்கினு இருந்தது. எங்க டிரைவர் ஹார்ன்கூட அடிக்கல. கொஞ்சம் அழுத்துய்யா பாவின்னு மனசுக்குள்ளயே திட்டினேன்.

இறங்கி ஓடினேன். கேட்டுக்குள்ள போறப்பவே தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சுபோச்சு. அவ மைக் முன்னாடி சீட்டைப் பிரிச்சுக்கினு நின்னா. கண்ணு மட்டும் கீழ வரைக்கும் போய் வந்துச்சு.

"வரலாற்றில் இன்று. மனிதன் நிலவில் கால் வைத்த நாள்"னு மட்டும் ரெண்டு பாஷையிலயும் சொல்லிட்டு நகர்ந்தா.

"வார்த்தை எங்கம்மா?"ன்னாரு ஹெட்மாஸ்டர்.

"இதுல எழுதல சார்."

டீச்சர் மறந்துட்டாங்க போலன்னு என் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. ஆமாங்க சார்னு தலையாட்டினேன்.

பிரேயர் முடிஞ்சு கிளாசுக்குப் போற வழியில அவ என்கிட்ட வந்தா. நாலா மடிச்ச சீட்டை என் கையில வச்சா.

"மிஸ், நீங்களும் எங்காளுங்கதான்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. உங்கப்பாகூட சேர்ந்து அடிச்சிருக்காராம். ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அவங்களுக்குக் கஷ்டமாயிடும்னாரு. நான் சொல்லல." குரலை இறக்கிக் கேட்டா. "நீங்களே ஏன் மிஸ் இதை எழுதினீங்க?"

"படிக்காமலே எழுதிட்டேம்மா"ன்னேன்.

அது நிஜந்தான். சரி மிஸ்ஸுன்னு போயிட்டா. பஸ்ல படிச்சுப் பார்த்துட்டும் போன் பண்ணாம வந்தேன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.