பறக்காமல் நின்றதற்கு ஒரு மரியாதை

இன்று காலை மட்டக்களப்பில் விமானத்தின் பக்கத்தில் நின்று, கைபேசியில் விமானிகளுக்கான வானிலையைப் பார்த்தேன். பின்னேரம் இடிமுகில். சின்ன விமானத்துக்கு அது ஆகாது.

மண்டூரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் சோர்ந்துபோய்ச் சொன்னேன். "இண்டைக்குப் பறக்கல்லம்மா. மூண்டு மணிபோல இடியோட மழயாம்."

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. பட்டென்று போனை வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு அவரே அழைத்தார். பின்னால் மழைச் சத்தம்.

"மகள், காயப்போட்ட நெல்லெல்லாம் அள்ளியாச்சு. வயல் வட்டை முழுக்கச் சொல்லி அனுப்பினன். நல்ல வெயில் எறிக்கக்குள்ளயும் ஒருத்தரும் மறுத்துப் பேசல்ல. 'எங்கட பைலட் சொன்னவ' எண்டன், அவ்வளவுதான்."

லைசன்ஸ் எடுத்து இத்தனை நாள் பறந்ததற்கு ஊரில் கிடைக்காத மரியாதை, பறக்காமல் நின்றதற்குக் கிடைத்திருக்கிறது.

நாளைக்கு வானம் தெளிவாம். பறக்கவா, மரியாதையைக் காப்பாற்றவா?