ஒத்துப்போன இரண்டு மாதிரிகளும் ஒரு அல்சூர் மதியமும்

பெங்களூருக்கு எல்லோரும் வேலை தேடிப் போவார்கள், இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போவார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனது, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுத்த எச்சிலுக்காக. சிரிக்காதீர்கள். என் முனைவர் பட்டமே அந்தக் குச்சியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு, சுமார் பதினாறாயிரத்து ஐந்நூறு எழுத்துகள். அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். பெங்களூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் தாய்வழிகள் எத்தனை விதம் என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. எல்லோருக்கும் முழு வளையத்தைப் படிக்க வசதி கிடையாது. வளையத்தில் எந்த இடங்களை அடையாளமாக எடுத்துக்கொள்வது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்காகச் சில பேரின் மாதிரிகளை மட்டும் முன்னோட்டமாகக் கொடுத்திருந்தேன். வேகமாக மாறும் சின்னப் பகுதியை ஒருமுறை, முழு வளையத்தை ஒருமுறை படித்து ஒப்பிடுவது திட்டம்.

திங்கட்கிழமை ஆய்வகத் தோழி சுஷ்மா போன் செய்தாள். "நாளைக்கே வா கணே. ஒரு எடவட்டு ஆயிடுச்சு." கன்னடத்தில் கணே என்றால் நம் 'டீ', எடவட்டு என்றால் கோளாறு. அதோடு போனை வைத்துவிட்டாள், மகராசி.

காலை ஆறரைக்குக் காட்பாடியில் ரயில். பத்து மணிவாக்கில் கன்டோன்மென்ட். அங்கிருந்து ஆய்வகம் இருக்கும் மல்லேஸ்வரம் பக்கம் ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர். அந்த ஏழுக்கு முக்கால் மணி நேரம். "டிராபிக் இல்லாத நாள் மேடம் இது, உங்க அதிர்ஷ்டம்," என்றார் ஓட்டுநர். நல்ல அதிர்ஷ்டம்!

சுஷ்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு நல்ல சங்கதி மொதல்ல. லிங்கராஜபுரத்துக்காரரும் மல்லேஸ்வரத்து அம்மாவும் சின்னப் பகுதியில அச்சா ஒண்ணு. முழு வளையத்துல பாத்தா வேற வேற."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. சின்னப் பகுதி மட்டும் போதாது, மெதுவாக மாறும் பகுதியிலும் சில இடங்களைச் சேர்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"இரு, குதிக்காத. அல்சூர்க்காரங்க ரெண்டு பேர் முழு வளையத்துலயும் ஒண்ணா இருக்காங்க. ஒரு எழுத்து மாறல."

"யாரு?"

"புருஷன் பொண்டாட்டி. அம்மா வேற வேற, வளையம் எப்படி ஒண்ணாகும்? மாதிரி கலந்துபோச்சு. அது கலந்துச்சுன்னா மத்ததை எப்படி நம்பறது? சாயங்காலத்துக்குள்ள பதில் இல்லேன்னா மெஷின் வேற டீமுக்குப் போயிடும்."

மெஷினில் என் முறை இனி அடுத்த வருடம்தான் வரும். மாதிரி எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தேனே! அம்மா, கூடப்பிறந்தவர், பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று. இந்த இருவருமே 'இல்லை' என்றார்கள்.

சம்பிகே ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஹலசூரு நிலையத்தில் இறங்கினேன். (அல்சூரைப் பலகையில் தேடாதீர்கள், ஹலசூரு என்றுதான் இருக்கும்.) கோயில் தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. பூக்கடை, இட்லிக்கடை எதையும் கண்கொண்டு பார்க்கவில்லை.

பெயர்களை மாற்றி, அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். கதவைத் திறந்தவர் கோதண்டம். "என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? எனக்கு எதுனா வியாதியா?"

"அதெல்லாம் இல்லைங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் குச்சிய மாத்தி வெச்சுட்டீங்களோன்னுதான்..."

அவர் மனைவி சரோஜா உள்ளேயிருந்து சீறினார். "சீ! அவரு வாயில வெச்சத நான் ஏன் தொடப்போறேன்?"

"என் டம்ளர்ல தண்ணியே குடிக்கமாட்டா, குச்சிய வாங்கிப்பாளா?" என்றார் கோதண்டம்.

அப்போது இன்னொரு அம்மாள் காபியோடு வந்தார். போன தடவை பார்க்காத முகம்.

"எங்க அக்கா பட்டம்மா," என்றார் கோதண்டம். "சரோஜாவுக்கு அம்மா."

டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "உங்க அக்கா... இவங்களுக்கு அம்மாவா?"

"ஆமா. என் பொண்ண என் தம்பிக்குத்தான் குடுத்தேன். ஏன், தப்பா?" என்றார் பட்டம்மா.

"தப்பா? தேங்கா ஒடைக்கணும்ங்க!"

கத்தியே விட்டேன். கோதண்டமும் பட்டம்மாவும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாயின் வளையம் இருவருக்கும் வந்தது. பட்டம்மாவிடமிருந்து சரோஜாவுக்கு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இருக்காமல் வேறெப்படி இருப்பார்கள்! என் கேள்வியில் சித்தி இருந்தாள், பெரியம்மா இருந்தாள், தாய்மாமன் மட்டும் இல்லை. கட்டிக்கொண்டவர்களைப் போய்ச் சொந்தமா என்று யார் கேட்பார்கள்?

மூன்று பேரிடமும் புதிதாக எச்சில் எடுத்துக்கொண்டு சுஷ்மாவை அழைத்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அய்யோ, எங்க சித்தப்பாவே அக்கா பொண்ணைத்தான் கட்டினாரு! நமக்கு ஏன் கணே தோணல? நீ வா, மெஷின நான் விடமாட்டேன்."

கிளம்பும்போது பட்டம்மா சும்மா கேட்டார். "உங்க வீட்ல எப்படி? உங்கம்மா சொந்தத்துல கட்டினாங்களா, அசல்லயா?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். அம்மா கட்டியது அவள் தாய்மாமாவை. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி!

சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் முடிவெடுத்தோம்: எல்லோருக்கும் சின்னப் பகுதி, கூடவே மெதுவாக மாறும் பகுதியில் தேர்ந்தெடுத்த இடங்கள், அப்படியும் பிரியாதவர்களுக்கு மட்டும் முழு வளையம். பத்து நாளில் அல்சூர் முடிவும் வந்தது, மூன்றும் ஒன்றே. இனி அந்த வீட்டுக்கு ஒரே தாய்வழி என்றுதான் கணக்கு.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஆட்டோவை விட மெட்ரோ மேல். மதியத்துக்கு மேல் போங்கள், வீட்டில் ஆள் இருப்பார்கள். எந்த அடையாளத்தைத் தேர்ந்தாலும், "நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கறதுக்கு முன்னாடி என்ன முறை?" என்று முதலில் கேளுங்கள்.

திரும்பும் ரயிலில் அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவிடமிருந்து இந்த வளையம் வராது என்று எத்தனை வகுப்பில் முழங்கியிருப்பேன்! "அப்பா, உங்களுக்கும் எனக்கும் இது ஒண்ணுதான்ப்பா."

பொறுமையாகக் கேட்டார். "அப்ப நீ என் ஜாடைன்னு நான் சொன்னது சரிதானே?"

"ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

"இல்லாட்டிப் போகுது. போனை உங்கம்மாகிட்ட குடுக்கறேன், சம்பந்தம் இல்லேன்னு மட்டும் சொல்லாத."