துளசி வீட்டு நம்பர் பிஸி

நம்பாதவங்க நம்ப வேணாம்லா. கலாதேவி வாயாலேயே சொல்லிக் கேட்டது இது. ஜெலாப்பாங்ல, பட்டப்பகல்ல, போன நவம்பர் மழையில நடந்தது.

கலாதேவி தனேஸ்வரனுக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ துளசி, ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதின கிராணியோட மக, செத்து ஆறு வருஷம். காதலிச்ச காலத்துல அவளும் தனேஸ்வரனும் மோடம் வழியா கம்ப்யூட்டர்லதான் எழுதிக்குவாங்களாம். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பின்னறையில ஓடுது. தினமும் 3:15க்குத் துளசி வீட்டு நம்பரைத் தானா அடிக்கும். மனுஷன் அதை நிறுத்தவே இல்ல.

அந்த வீட்டை இடிச்சுச் செம்பனை நட்டாச்சு. இங்கேயும் போன் லைன் வெட்டி வருஷக்கணக்காச்சு. அதனால திரையில வர்ற பதில் எப்பவும் 'நோ டயல்டோன்'தான். லைன்ல சத்தமே இல்லைன்னு அர்த்தம். ஒவ்வொரு பதிலுக்கும் இப்படி அர்த்தம் ஒரு தாள்ல எழுதி, தனேஸ்வரன் மானிட்டர்ல ஒட்டியிருந்தான்.

கலாதேவிக்கு வயிறெரியும். செத்தவளுக்குத் தினம் ஒரு போன். கட்டிக்கிட்டவளைப் பசியாறிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான்.

அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. பொறுத்தது போதும், மோடத்தைக் கழற்றிக் குப்பையில போடுவோம்னு உள்ள போனா. முதல்ல சுவத்துலேருந்து போன் வயரைப் பிடுங்கினா.

3:15.

ட்டூ... ட்டூ...

வயர் அவ கையில. மோடம் நம்பர் அடிக்குது.

'பிஸி.'

ஒரு நிமிஷம் விட்டுத் திரும்ப அடிச்சது.

3:16. 'பிஸி.'

தாளைப் பாத்தா. மணி அடிச்சும் யாரும் எடுக்கலன்னா 'நோ ஆன்சர்'. 'பிஸி'ன்னா... அந்தப் பக்கம் யாரோ பேசிக்கிட்டு இருக்காங்க.

இல்லாத வீட்ல.

வயரை விடாம அப்படியே நின்னா. 3:50க்குத் தனேஸ்வரன் வேலை முடிஞ்சு நனைஞ்சுக்கிட்டு வந்தான். திரை நெடுக 'பிஸி'. மிரளுவான்னு நெனச்சா. அவன் முகம் கறுத்துப்போச்சு.

"யாருகிட்ட பேசுறா?"

அது பயமில்ல. பொறாமை. தனக்காக ஒரு நாளும் இவன் இப்படிக் கேட்டதில்லையேன்னு அவ நெஞ்சு வெந்துபோச்சு.

3:51. திரும்ப அடிச்சது. இந்தத் தடவை மணி போச்சு...

நாலு... அஞ்சு... ஆறு...

'நோ ஆன்சர்.'

மறுநாள் காலையில தனேஸ்வரன் அவ ஹேன்போனை எடுத்து நீட்டினான். முன்னறையில சார்ஜ் போட்டு அவ மறந்தே போனது. நேத்து வந்த அழைப்பு ஒண்ணே ஒண்ணு. துளசி வீட்டு நம்பர். 3:15லிருந்து முப்பத்தாறு நிமிஷம் பேசியிருக்கு.

அந்த நேரம் வீட்ல அவளைத் தவிர யாருமில்ல. நான் எடுக்கவே இல்லைங்கன்னு சத்தியம் பண்ணிப் பாத்தா. அவன் நம்பல. இன்னிக்கு வரைக்கும், அவ பக்கத்துல வந்து உக்காந்தா ஒரே கேள்விதான் கேக்குறான்.

"உங்கிட்ட என்ன சொன்னா?"