வைலே சனாதிபதியின் மனைவி

சுசீலாதேவியின் கணவர் குலேந்திரனுக்கு இந்த உலகத்தில் எந்தச் சனாதிபதியையும் பிடிக்காது. அமெரிக்கச் சனாதிபதி காலையில் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டால், டென்மார்க்கின் வைலே நகரில் இவருக்கு இராச்சோறு இறங்காது. இலங்கையின் நிறைவேற்று அதிகாரச் சனாதிபதி முறை என்று யாராவது வாயெடுத்துவிட்டால் தேநீர் ஆறி ஆடை படியும்வரை நிறுத்தமாட்டார்.

“ஒரு மனிசன்ர கையில இவ்வளவு அதிகாரம் இருக்கலாமோ? பிறகு சனத்துக்கு என்ன உரிமை மிஞ்சும்?” என்று கேட்டு மேசையில் ஓங்கி அடிப்பார். கோப்பைகள் துள்ளும். துள்ளி விழுந்த கோப்பைகளைப் பொறுக்கிக் கழுவுகிற அதிகாரம் மட்டும் முழுமையாகச் சுசீலாதேவியிடம் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முதலில் மீன் தொழிற்சாலையில் நின்று, பிறகு டேனிஷ் படித்து, இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள் அவள். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. தொண்ணூறு வயதில் நினைவு தப்பிப்போன கிழவியாக இருந்தாலும், இன்றைக்கு எந்தச் சட்டை போடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நீலமா, சிவப்பா என்று இரண்டையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பாள். கிழவி யோசிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் திரைச்சீலையின் நிறம் முதல் கோடை விடுமுறைக்கு எந்த நாடு என்பதுவரை தலைவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். அதற்காக அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போடுகிற ஆட்களை வீட்டிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டாள்.

தலைவர் என்றால் வைலேத் தமிழர் சங்கத்தின் தலைவர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி ஒரு பதவி. பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, கொம்யூன் என்கிற நகரசபை தருகிற மண்டபத்தின் சாவி. இவ்வளவுதான் இராச்சியம். ஆனால் அந்தச் சாவியைக் குலேந்திரன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் அணுகுண்டுப் பெட்டியே அவரிடம்தான் இருக்கிறதென்று நினைக்கத் தோன்றும்.

ஆண்டுதோறும் யூன் ஐந்தாம் திகதி, டென்மார்க்கின் அரசியலமைப்பு நாளன்று, அந்த மண்டபத்தில் அவர் உரை நிகழ்த்துவார். தலைப்பு மாறாது: அதிகாரமும் குடிமக்களின் உரிமையும். டென்மார்க்கின் அரசியலமைப்பை அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. இங்கே சனாதிபதி இல்லாதபடியால் அதில் அவருக்குச் சுவாரசியம் இல்லை. உரிமையைப் பற்றி அவர் பேசுவார், பேச்சுக்கு வடை இவள் சுடுவாள்.

அவருக்கு ஓர் எதிரியும் வாய்த்திருந்தார். மளிகைக்கடைக் கனகசபை. குலேந்திரன் எந்தச் சனாதிபதியைத் திட்டுகிறாரோ அவரைக் கனகசபைக்குப் பிடிக்கும். “நாடெண்டால் ஒரு தடி வேணும், தடி பிடிக்க ஒரு கை வேணும்” என்பது அவருடைய அரசியல் தத்துவம். டென்மார்க்குக்குச் சொந்தமான கிறீன்லாந்தை அமெரிக்கச் சனாதிபதி விலைக்குக் கேட்டபோது டென்மார்க் முழுவதும் கொதித்தது. கனகசபை மட்டும் ஒரு பிறந்தநாள் விருந்தில், “கேக்கிற விலைக்குக் குடுத்திட்டுச் சும்மா இருங்கோவன்” என்று சொல்லிவிட்டார். குலேந்திரன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். அன்றைக்குத்தான் வைலேத் தமிழர் இரண்டானார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு இரண்டு குழுவானது. கல்யாண வீடுகளில் மேசை பிரிந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் இத்தனையாவது திருத்தம் என்ன சொல்கிறது என்று, அமெரிக்காவில் வாக்கும் இல்லாத, கால் வைத்தும் பார்க்காத மனிதர்கள் ஒருவரையொருவர் மாடே, எருமையே என்று எழுதிக்கொண்டார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்!

இந்தக் கூத்தெல்லாம் சுசீலாதேவிக்குப் பொருட்டே அல்ல. அவளுடைய கண் வடக்கே ஓல்போர்க் நகரில் இருந்தது. மகள் சுஜீதா அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. மருமகன் கடலுக்குள் காற்றாலை திருத்துகிறவன், மாதத்தில் பாதி வீட்டில் இல்லை. மூத்த குழந்தைக்கு மூன்று வயது, அடுத்தது வயிற்றில். ஓல்போர்க்கில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் காத்திருப்புப் பட்டியலில் சுசீலாதேவி வருடக்கணக்காகத் தன் பெயரை வைத்திருந்தாள். கடைசியில் வீடு வந்தது. மகள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“சங்கத்தில என்ர காலம் முடியுது. பொதுக்கூட்டம் முடிய வெளிக்கிடுவம்” என்று குலேந்திரன்தான் வாக்குக் கொடுத்திருந்தார். காலம் முடிவது உண்மைதான். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்பது சங்கத்தின் யாப்பு, அதாவது சட்டதிட்டம். அதை எழுதியவரும் அவரே. பழைய தலைவரை இறக்குவதற்காக, சர்வாதிகாரம் ஒழிக என்று குரல் கம்ம முழங்கி எழுதிய விதி.

கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவருடைய அணி வீட்டு வரவேற்பறையில் கூடியது. சுசீலாதேவி சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

அணியின் முக்கிய ஆள் டிலுக்சன். சர்வாதிகாரத்துக்கு எதிராக முகநூலில் ஒரு பக்கமே நடத்துகிறவன். அவன் சொன்னான்: “அண்ணை, நீங்கள் இறங்கினால் கனகசபை வந்திடுவார். ஒரு சர்வாதிகாரியைக் கும்பிடுற ஆளிட்டைச் சங்கத்தைக் குடுக்கிறதோ?”

“அதுக்கு யாப்பு இடம் தராதே” என்றார் குலேந்திரன். குரலில் இருந்த துயரத்தைக் கேட்டு ஓநாயே வெட்கப்பட்டிருக்கும்.

“யாப்பை மாத்துவம். இரண்டு தடவை எண்டதை எடுத்திடுவம். ஜனநாயகத்தைக் காப்பாத்த வேற வழியில்லை அண்ணை.”

ஓம், ஓம் என்று எல்லாத் தலைகளும் ஆடின. இலங்கையில் ஒரு சனாதிபதி இதே வேலையைச் செய்தபோது ஒரு வாரம் தாடி வழிக்காமல் துக்கம் காத்த மனிதர்தான் குலேந்திரன். இப்போது தாடையைத் தடவி, “சனம் விரும்பினால் நான் என்ன செய்யிறது?” என்றார்.

அவர்கள் போன பிறகு சுசீலாதேவி கேட்டாள்: “இஞ்சேருங்கோ, அப்ப ஓல்போர்க்?”

“இஞ்ச ஜனநாயகமே ஆபத்தில கிடக்குது. நீ வீடு, வாசல் எண்டு நிக்கிறாய்.”

“சுஜீதாவுக்கு என்ன சொல்லுறது?”

“பொறுக்கச் சொல்லு. சமூகத்துக்காக ஆராவது தியாகம் செய்யத்தானே வேணும்.”

அந்த ஆராவது யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் சமையலறைக்குப் போய் ரொட்டிக்கு மாவைப் பிசைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வலதுபக்கம் குலேந்திரன் கட்சி, இடதுபக்கம் கனகசபை கட்சி, நடுவில் இரண்டிலும் சேராதவர்களும் குழந்தைகளும். கூட்டத்தை நடத்த இரண்டு அணிக்கும் பொதுவான ஆள் ஊரில் இல்லாதபடியால், கோயம்புத்தூரிலிருந்து வந்த பொறியியலாளர் வெங்கட்டைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். இந்தச் சண்டையின் தலையும் தெரியாது வாலும் தெரியாது என்பதே அவருடைய தகுதி. யாப்பைக் கையில் கொடுத்ததும், அந்த நல்ல மனிதர் அதை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். யாரும் கேட்கவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த சுசீலாதேவியின் காதில் ஒரு வரி விழுந்தது: உறுப்பினர் ஒருவராவது கோரினால் வாக்கெடுப்பு எழுத்துமூலம், இரகசியமாக நடத்தப்பட வேண்டும். இதுவும் குலேந்திரன் எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் வீரத்தோடு போட்ட விதிதான். பதவிக்கு வந்த பிறகு அவருக்கே மறந்துபோயிருந்தது.

டிலுக்சன் திருத்தத்தை முன்மொழிந்தான். இன்னொருவர் வழிமொழிந்தார். கனகசபை எழுந்து, “பாத்தீங்களோ? நான் சொன்ன தடி உங்களுக்கும் வேண்டிக்கிடக்குது” என்றார். ஒரே கூச்சல். வெங்கட், “ப்ளீஸ், ப்ளீஸ் சார், ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க” என்று கெஞ்சினார். கூச்சல் அடங்கியபோது குலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எனக்குப் பதவி ஆசை இல்லை. ஓல்போர்க்கில் எங்களுக்கு வீடு காத்திருக்கிறது, பேரப்பிள்ளை காத்திருக்கிறது. ஆனால் என் துணைவியார் நேற்று என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? ‘வீடு எங்கே போகப்போகிறது, எங்களுக்குச் சமூகம்தான் பெரிது, நீங்கள் இருங்கள்’ என்றார். அப்படிப்பட்ட பெண்கள் இருக்கும்வரை எங்கள் இனம் தோற்காது!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. பெண்கள் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சுசீலாதேவி தட்டைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அவர் தீர்மானிப்பது அவளுக்குப் பழகியிருந்தது. ஆனால் அவள் வாய்க்குள் புகுந்து அவளுக்காகப் பேசியது இதுதான் முதல்தடவை. நினைவு தப்பிய கிழவியிடம்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் வெங்கட்.

கைகள் உயர்ந்தன. வலதுபக்கம் முழுவதும், நடுவிலும், இடதுபக்கத்தில்கூட அங்கங்கே. அடுத்த மாதம் மகளின் பூப்பு விழாவான சாமத்தியவீட்டுக்கு மண்டபம் வேண்டியவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு. தலைவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே சில கைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

சுசீலாதேவி தட்டைக் கீழே வைத்தாள். “தம்பி, எண்ணாதேங்கோ” என்றாள்.

வெங்கட் நிமிர்ந்தார். “சொல்லுங்க ஆன்ட்டி.”

“முதல் ஒண்டு. நான் அப்பிடிச் சொல்லேல்லை. இவர் சொன்னது நான் சொன்னதில்லை. மற்றது, எனக்கு இரகசிய வாக்கெடுப்பு வேணும்.”

குலேந்திரன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். “சுசீலா, இரு. உனக்கு இது விளங்காது.”

“நான் இந்தச் சங்கத்தில உறுப்பினர். சந்தா கட்டியிருக்கிறன். கேக்கிறன்.”

“அதுதான் எல்லாரும் கை தூக்கியாச்சே அன்ரி!” என்று டிலுக்சன் பாய்ந்தான். வெங்கட் தாளைப் புரட்டி விரலை வைத்தார். “இல்ல சார், ஒரு மெம்பர் கேட்டாலே போதும்னு தெளிவா போட்டிருக்கு. பேப்பர் குடுத்துடலாம்” என்றார். யாப்பில் எழுதியதை அப்படியே செய்வது அந்தச் சங்கத்தில் அதுவே முதல்தடவை.

தமிழ் வகுப்புக் கொப்பியிலிருந்து தாள் கிழிக்கப்பட்டது. குழந்தைகளின் பலூன் பெட்டி வாக்குப்பெட்டியானது. அரைமணி முன்பு தலைவருக்காக உயிர் கொடுப்போம் என்று நின்றவர்கள் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனின் கண்ணுக்கு எட்டாமல் குனிந்து எழுதினார்கள்.

எண்ணி முடித்தபோது திருத்தம் மண்ணைக் கவ்வியிருந்தது. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை. வரவேற்பறையில் கூடியிருந்து ஜனநாயகத்தைக் காப்பாற்றிய அணியே முழுதாக அவருக்குப் போட்டிருக்கவில்லை. கனகசபை குதித்து எழுந்தார். ஆனால் தலைவராக நிற்கிறீர்களா என்று கேட்டபோது, இரண்டு தடவையோடு இறங்க வேண்டிய பதவி தனக்கு மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பஸ் ஓட்டுகிற பிரியந்தி, “சரி, ஒருத்தரும் இல்லையெண்டால் சாவியைத் தாங்கோ” என்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த குலேந்திரன் சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் விழுந்தார். “சதி” என்றார். “வெளிச்சக்தியள் வேலை செய்திருக்கு. வாக்கு எண்ணினதிலயும் பிசகு இருக்கு.” பதவி போன சனாதிபதிகள் சொல்வதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அவர்களை இத்தனை வருடம் கூர்ந்து கவனித்தது வீண்போகவில்லை.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் ஆள் டிலுக்சன். “அண்ணை, அம்மாவாணை நான் உங்களுக்குத்தான் போட்டனான். எவன் காலை வாரினவன் எண்டு தெரியேல்லை.” அடுத்து வழிமொழிந்தவர். அதற்கடுத்து சாமத்தியவீட்டுக்காரர். பிள்ளையாரின் பேரில் சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள், பெற்ற பிள்ளைகளின் பேரில் செய்தவர்களும் இருந்தார்கள். பெட்டிக்குள் விழுந்த வாக்கைவிடத் தொலைபேசியில் விழுந்த வாக்கு அதிகம். ஒவ்வொருவருக்கும் அவர், “எனக்குத் தெரியும் தம்பி, உங்களை எனக்குத் தெரியாதோ?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நம்பினார்.

ஒருவழியாகத் தொலைபேசி ஓய்ந்தது. சுசீலாதேவி தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏதோ கோபத்தில எழும்பிக் கதைச்சிட்டாய். சரி, விடு. வாக்கை எனக்குத்தானே போட்டனீ?”

இரகசியம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அவரே பெற்றுத்தந்த உரிமை.

“இல்லை” என்றாள். “உங்களுக்கு எதிராத்தான் போட்டனான்.”

அன்றைக்கு அவரிடம் உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்பது அவருக்கு உறைக்க நேரம் பிடித்தது.

“நாளைக்கு விடிய ஓல்போர்க் வீட்டுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்” என்றாள் சுசீலாதேவி. “வாறதெண்டால் நீங்களும் வாங்கோ. வரேல்லையெண்டால் சொல்லுங்கோ, எனக்கு ஒரு சின்னக் கட்டிலே போதும்.”