எக்ஸ்போர்ட் டீ

எங்கள் ஊரில் எதையும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள். ஒன்று எக்ஸ்போர்ட், இன்னொன்று லோக்கல். பனியனில் தொடங்கிய இந்தப் பிரிவினை போகப் போக மாப்பிள்ளை, தக்காளி, கல்யாணப் பந்தி என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. பையன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறான் என்றால் பெண் வீட்டில் இன்னொரு கரண்டி கேசரி விழும். அப்படிப்பட்ட திருப்பூரில் டீயையும் எக்ஸ்போர்ட் சரக்காக்கிய பெருமை என் மாமாவுக்கு உண்டு. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. கப் அடுக்கியது நான்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் டீக்கடை வைத்திருந்தார். சுற்றியிருந்த கம்பெனிகளுக்குக் காலையும் மாலையும் கேனில் டீ கொண்டுபோய் ஊற்றுவார். அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் அம்மா டெய்லராக இருந்தாள். அப்பா சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் தலைகாட்டுவார். அதனால் மூன்றாம் வகுப்பு முடிந்த முழுப்பரீட்சை லீவில் என்னை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மொபெட்டில் முன்னால் டீ கேன், பின்னால் நான், என் மடியில் பேப்பர் கப்புகள். ராணி மாதிரி ஊர்வலம் போவேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் பெரிய கலவரம். உடைந்த முனை துணிக்குள் ஒளிந்துகொண்டு, எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தையைக் குத்திவிடும் என்று, கடைசித் துண்டு கிடைக்கும்வரை தையல் லைனை ஓட்ட மாட்டார்கள். அந்த லீவில் ஒருநாள் அம்மாவின் மிஷினில் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். காந்தத்தைத் தரையில் இழுத்துப் பார்த்தார்கள், பீஸ்களை உதறிப் பார்த்தார்கள். கிடைக்கவே இல்லை. அன்றைக்குத் தைத்த கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சூப்பர்வைசர் அம்மாவை முறைத்தபடி போனாராம்.

சாயங்காலம் வாசலில் அம்மா கால் கழுவியபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. மாமா குனிந்து பார்த்தார். வலது காலில், பெருவிரலுக்கு அடியில், காணாமல்போன ஊசிமுனை குத்தி நின்றது. கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது, எல்லோருக்கும் வெறுங்கால்தான்.

"வலிக்கலியாக்கா?"

"எறும்பு கடிச்சாப்பல கூடத் தெரியலடா."

மாமாவின் முகம் மாறிவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. என் அம்மாவுக்கு ஊசி குத்தினால்கூட வலிக்காது என்று தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.

மறுநாள் அம்மா அந்த முனையைக் கழுவி எடுத்துப் போய், மேஜைக்கடியில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். பிறகு மாமா அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். அங்கிருந்த லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வெகுநாளாக இருக்கிறது, அதனால்தான் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்றார். மத்தியான மாத்திரையைத் தவறவிடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், டீக்குச் சர்க்கரை கூடவே கூடாது. "அலட்சியமா இருந்தீங்கன்னா இந்தப் பெருவிரலை எடுக்க வேண்டி வந்துரும்மா" என்றார். பெருவிரல் போனால் பெடல் போச்சு. பெடல் போனால் டெய்லர் வேலை போச்சு.

ஆனால் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அதே கம்பெனியில் டெய்லர்களுக்குப் பீஸை மடித்துக் கொடுக்கிற கைமடி அக்கா ஒருத்தி சர்க்கரையால் மயங்கி விழுந்தாள். நன்றாக ரெஸ்ட் எடும்மா என்று அனுப்பி வைத்தவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. அதனால் அம்மா வாயைத் திறக்கவில்லை. கட்டு எதற்கு என்றவர்களிடம் கல் குத்திவிட்டது என்றாள், செருப்புப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று வெறுங்காலோடு மிதித்தாள். மாத்திரைப் பையை மத்தியானத்தில் பிரிக்கவே மாட்டாள். டீயை வேண்டாம் என்றால், "ஏனக்கா, சக்கரையா?" என்று பக்கத்து மிஷின் கேட்கும். அதனால் ஜீராவாட்டம் இனிக்கும் அந்த டீயையும் வாங்கிக் குடித்தாள். ஊற்றிக் கொடுத்தது சொந்தத் தம்பி. புண் ஆறுவேனா என்றது.

"என்னைய வளத்துனவளுக்கு என்ற கையாலயே வெசத்த ஊத்தறனே" என்று மாமா கடைக்கு வந்து புலம்புவார். அவர் அழுததை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். டீப்புகை என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் இரண்டாவது கேன் ஒன்றும் கொண்டுபோனார். "சக்கரை போடாத டீ ஆருக்குங்க வேணும்?" என்று லைன் நடுவே நின்று கேட்டார். ஒரு கைகூட நீளவில்லை. அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு பழைய கேனிலேயே வாங்கினாள். கொண்டுபோன கேன் அப்படியே திரும்பி வந்து சாக்கடையில் கொட்டப்பட்டது.

மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பளபளவென்று ஒரு புது எவர்சில்வர் கேன் வந்தது. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த சிநேகிதரிடம் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று வாங்கி அதன் வயிற்றில் ஒட்டியிருந்தார். இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஒரு குடைப் படம். டீ நேரத்தில் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இது எக்ஸ்போர்ட் டீங்க. வெளிநாட்டுக்காரங்க சக்கரையே போட மாட்டாங்களாமா, போட்டா டீயோட ருசி போயிருமாமா. அந்தப் பழைய கேன்ல இருக்கறது லோக்கலுங்க. ஆருக்கு எது வேணுமோ வாங்கிக்கங்க."

லோக்கலை யார் கேட்பார்கள்? முதல் கையை நீட்டியவர் சூப்பர்வைசர். பெரிய மீசை, யாரையும் பார்த்துச் சிரிக்காத மனிதர். ஒரு வாய் குடித்தார், முகம் கோணியது, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். அதன்பிறகு கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், ஹிந்திக்காரப் பையன்கள் எல்லாம் மொய்த்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கப் அம்மாவுக்கும் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "என்ற அம்மாளுக்கு எக்ஸ்போர்ட்டு!" என்று நான் கத்தியதுதான் மிச்சம்.

ஒரு வாரத்தில் மவுசு குறைந்தது. "லோக்கலே ஊத்துங்ணா, நாங்கெல்லாம் லோக்கல் நாக்குதான்" என்று ஒவ்வொருவராகப் பழைய கேனுக்குத் திரும்பினார்கள். ஆனால் சிலர் மட்டும் திரும்பவில்லை. அம்மா, கட்டிங் மாஸ்டர், செக்கிங்கில் ஒரு பீகார்க்கார அக்கா, அப்புறம் அந்தச் சூப்பர்வைசர். மாமா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சும்மா யாரும் கசப்பைக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

ஒருநாள் நாங்கள் கிளம்பும்போது சூப்பர்வைசர் மொபெட் வரைக்கும் வந்தார்.

"ஏனுங்க, நாளைக்கும் எக்ஸ்போர்ட்டு வருமுங்களா?"

"வருமுங்க" என்ற மாமா, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எத்தன வருசமாங்க எக்ஸ்போர்ட்டு?" என்றார்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நாலஞ்சு வருசம் ஆச்சுங்க. ஊட்டுல கூடத் தெரியாது."

அவ்வளவு பெரிய ஆள் ஐந்து வருஷமாக வீட்டுக்குத் தெரியாமல் டீ குடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். மாமா அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கம்பெனிக்கே கூட்டிவந்தால் முதலாளி ஒப்புக்கொள்வாரா என்று மட்டும் கேட்டார். முதலாளி ஒப்புக்கொண்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிற சமயம், படம் எடுத்துக் காட்டினால் நல்ல பேர் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. எந்தக் கணக்காக இருந்தால் என்ன, கதவு திறந்தது.

சனிக்கிழமை லேடி டாக்டர் ஒரு நர்ஸம்மாவோடு சர்க்கரை பார்க்க வந்தார். சாப்பாட்டு ஹாலில் நாற்காலியும் ஸ்டூலும் போட்டார்கள். கம்பெனியே சுவரோரம் உட்கார்ந்திருந்தது. ஒருத்தரும் எழவில்லை. மறுபடியும் சாக்கடையில் கொட்டிய அந்தக் கேன் கதைதான். சூப்பர்வைசர் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் எவர்சில்வர் கேன் மூலையில் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்தாள். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தூக்கி எல்லோர் முன்னாலும் ஸ்டூல்மேல் வைத்தாள்.

"எனக்குச் சக்கரைங்க. அன்னிக்குக் காணாமப் போன ஊசி என்ற கால்லதானுங்க இருந்துச்சு. ஏறுனதே தெரியலீங்க. மிஷின எடுத்துருவீங்கன்னு பயந்துட்டுப் பொய் சொல்லிப்போட்டனுங்க. ஆனா இன்னிக்கு வரைக்கும் என்ற தையல்ல ஒரு கொறை வந்துருக்குதுங்களா? சொல்லுங்க."

கேள்வி சூப்பர்வைசருக்கு. அவர் ஃபேனிலிருந்து கண்ணை எடுத்தார். மெதுவாக நடந்து போய், அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "அடுத்தது எனக்குப் பாருங்க டாக்டர்" என்றார். கட்டிங் மாஸ்டர் எழுந்தார். பீகார்க்கார அக்கா எழுந்தாள். பிறகு யார் யாரோ எழுந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் அதற்கப்புறம் உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பு கொடுத்தார்கள். மத்தியானம் மாத்திரை போடுகிறவர்கள் முதல் பந்தியில் சாப்பிடலாம் என்றானது. மயங்கி விழுந்த அந்தக் கைமடி அக்காவைச் சூப்பர்வைசரே போய்க் கூட்டிவந்தார். இப்போது நான் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசராக இருக்கிற கம்பெனியில் மாதாமாதம் டாக்டர் வந்து பாதத்தையும் கண்ணையும் பார்க்கிறார். இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ் இருக்கிறது. சின்ன வயசுப் பையன்கள்கூட ஒளிக்காமல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். இதையெல்லாம் சட்டமும் பையரும் கொண்டுவந்தார்கள் என்று மீட்டிங்கில் சொல்லும்போது நான் தலையாட்டிக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் இதை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா இன்றைக்கும் பத்து விரலோடு பெடல் மிதிக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அத்தனை பேர் முன்னால் அம்மா அழுக்குக் கட்டோடு காலைத் தூக்கி வைத்ததில் எனக்கு மானம் போயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் ஒரு வரிசை, ஹாலின் வாசல்வரைக்கும். மறுபடியும் எல்லோருக்கும் எக்ஸ்போர்ட் டீ ஆசை வந்துவிட்டது என்று நினைத்து அவசர அவசரமாகக் கப்பை அடுக்கினேன்.

"மாமா, இத்தன பேருக்குக் கப்பு பத்தாதுங்க!" என்று கத்தினேன்.

மாமா ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேனில் அப்போது புகைகூட இல்லை.