நல்லுசாமியின் சோபாவும் வராத ஒய்பியும்

மெர்டேக்கா மற்றவர்களுக்கு நாடு விடுதலை பெற்ற நாள். நல்லுசாமிக்கோ அவருடைய சோபா வீட்டை விட்டு வெளியே கிளம்பும் நாள்.

பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் பழைய சாமான்களைத் தள்ளிவிட்டபோது வாங்கிய சிவப்பு வெல்வெட் சோபா அது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குக் காவலிருக்கும் மனிதர், அதைத் தன் லயத்து வீட்டின் முன்னறையில் போட்ட நாளிலிருந்து, அங்கே எல்லோரும் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. ஆனால் அதில் யாரும் உட்காரக் கூடாது. முட்டிவலியோடு மலையேறிக் கொழுந்து பறித்து வரும் மனைவி அம்சவல்லிக்குப் பாய். விருந்தாளிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. உட்காருவதற்கென்றே செய்த பொருளுக்கு யாரும் உட்காராததால்தான் மரியாதை என்பது அவர் சித்தாந்தம்.

பிறரைப் பற்றியும் அவருக்குச் சித்தாந்தங்கள் உண்டு. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போட்டு முன்னேறிய சொந்தக்காரர்கள் 'சேத்துக்காலு கூட்டம்'. அக்கம்பக்கத்து லயத்தார் 'பிளாஸ்டிக் நாற்காலிப் பயலுக'. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி யோகேந்திரனைப் பற்றி அவர் சொல்வதை அச்சிட முடியாது.

இத்தனைக்கும் ஆதாரம், ஆண்டுதோறும் ஆகஸ்டு முப்பத்தொன்றில் தோட்டத் திடலில் நடக்கும் கொடியேற்றம். சிறப்பு விருந்தினராக வரும் சட்டமன்ற உறுப்பினரை, அதாவது ஒய்பியை, நல்லுசாமியின் சோபாவில்தான் அமர்த்துவார்கள். இதுவரை மூன்று ஒய்பிக்கள் அமர்ந்துவிட்டார்கள். முதலாமவர் மண்டபம் கட்டித்தருவதாக வாக்களித்தார். இரண்டாமவர் அதை நினைவூட்டினார். மூன்றாமவர் அதற்காக வருந்தினார். நல்லுசாமிக்கு மண்டபம் ஒரு பொருட்டல்ல. அவர்கள் உட்கார்ந்தார்கள், அது போதும்.

இந்த ஆண்டு விழாக் குழுத் தலைவராகிவிட்ட யோகேந்திரன் வந்து நின்றான்.

"அண்ணே, சோபாவுல பூஞ்சை நாத்தம் அடிக்குது. ரிங்லெட்ல வாடகை நாற்காலி கிடைக்குது, வெள்ளைத் துணி கட்டி, ரிப்பன் வச்சு."

"நாத்தமா? மூணு ஒய்பி குந்துன எடம்டா தம்பி!"

"அதான் அண்ணே நாத்தம்."

வாக்குவாதம் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. இம்முறை ஒய்பி சோபாவில் அமர்ந்தால் அது தொடரும். அமராவிட்டால் அடுத்த ஆண்டு முதல் வாடகை நாற்காலி. சோபா வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு தானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிப் பயல்தான் என்பது நல்லுசாமிக்குத் தெரியும்.

மெர்டேக்கா அன்றைக்குப் பனிமூட்டத்தில் நாலு பேர் சோபாவைச் சுமந்து வந்தார்கள். கொடி ஏறியது, நாட்டுப்பண் நெகாராகூ பாடியாயிற்று. ஒய்பி மட்டும் வரவில்லை. அவருக்குப் பதிலாகத் தர்மேந்திரன் என்ற இளம் உதவியாளன் கோட்டு மாட்டிக்கொண்டு காரிலிருந்து தள்ளாடி இறங்கினான்.

"குந்துங்க சார்," என்றார் நல்லுசாமி.

"வேணாம்ணே. வளைவு வளைவா வந்ததுல தலை சுத்துது. அதுல சாஞ்சா வாந்தி வந்துரும்லா."

நின்றபடியே ஒற்றுமையைப் பற்றி நாலு வரி வாசித்தான். நல்லுசாமி அவன் கோட்டு முனையைப் பிடித்தார். "ஒரு நிமிசம் சார். சும்மா ஒட்டுனாப்புல குந்துங்க. போட்டோவுக்கு மட்டும்."

தொழிற்சாலைத் துரைக்குக்கூடக் குனியாத முதுகு பழைய பஞ்சு மூட்டைக்காகக் குனிந்தது. தர்மேந்திரன் கோட்டை விடுவித்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி காரில் ஏறினான்.

"அண்ணே, சோபாவுக்கு ஒரு மாலையப் போட்டு அனுப்பிருங்க!" என்றான் லோரி ஓட்டும் சாம்பசிவம். திடலே சிரித்தது.

கயிறு இழுக்கும் போட்டிக்கு வரிசையில் நின்றிருந்த அம்சவல்லி, புருசன் கெஞ்சியதையும் பார்த்தாள், ஊர் சிரித்ததையும் பார்த்தாள். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு நேரே வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எந்திரி புள்ள! அது ஒய்பிக்கு!"

"வந்தா எந்திரிக்கிறேன். கிராணி தம்பி, போட்டிக்கு விசிலடிங்க. பனி ஏறுதுலா."

முன்வரிசையிலிருந்து ஆணை வந்தால் நிறைவேற்றியே பழகிய யோகேந்திரன் யோசிக்காமல் விசிலடித்தான். அவளோடு கொழுந்து பறிக்கும் குமுதாவும் சாந்தினியும் இடித்துக்கொண்டு அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பரிசளிப்பு வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. வெற்றி பெற்றவர்கள் சோபாவைத் தேடி வந்து அவள் கையால் பரிசுக் கூடையை வாங்கிக்கொண்டார்கள். பிஸ்கட் கவ்வும் போட்டியில் ஜெயித்த சாம்பசிவம் பழக்கதோஷத்தில் அவளுக்குக் குனிந்து கும்பிடே போட்டான்.

"அடுத்த வருசமும் சோபா வரட்டும்ணே," என்றான் யோகேந்திரன். "ஒய்பிக்கு வாடகை நாற்காலி போதும்."

இது ஏற்றமா இறக்கமா என்று நல்லுசாமிக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

"அடுத்த கூடைய எடுங்க. அங்க என்னா வேடிக்கை?" என்றாள் அம்சவல்லி.

"இந்தா, இந்தா," என்று அவர் தூக்கிக்கொண்டு ஓடினார்.