நான் சேர்த்த ஒரு வரி

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில்தான் அந்த மதுக்கடை இருந்தது. எல்கேஜி படிக்கும் மகனை அந்த வழியாகப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் துப்பட்டாவால் அவன் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

எனக்கு மீன் கொடுக்கும் அக்கா மீனவர் குப்பத்துக்காரி. அவளுடைய கணவருக்கு ஈரல் கெட்டுவிட்டது. "இன்னொரு தபா வாயில வச்சா அவ்ளோதான்னு டாக்டரு சொல்ட்டாரு. கேக்குறானா?" என்பாள். குப்பத்திலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர். கால் ஓய்ந்து அவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடும் நாள்களில் அக்கா போய்த் திருப்பி அழைத்து வந்துவிடுவாள். கடையே இல்லாமல் போனால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று நம்பினாள்.

கிராம சபைக்கு முதல் நாள் என்னிடம் வந்து தீர்மானம் எழுதித் தரச் சொன்னாள். "நீதான் படிச்ச பொண்ணு. நறுக்குன்னு எழுது கண்ணு."

கடையை மூட வேண்டும் என்று எழுதினேன். அவள் போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூடு என்று மட்டும் சொன்னால் தீர்மானத்தை ஓரமாகப் போட்டுவிடுவார்களோ? நடக்கக்கூடியதாக ஏதாவது கேட்க வேண்டாமா? 'அல்லது பள்ளிக்கு அருகில் இல்லாத வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அப்போது குப்பம் என் நினைவிலேயே இல்லை. மகன்தான் இருந்தான்.

கூட்டத்தில் ஊராட்சிச் செயலர் அதை மைக்கில் கடகடவென்று படித்தார். பின்னால் நின்ற ஆண்கள் நெளிந்தார்கள்.

"தூக்குங்கய்யா, கிளாஸ் தூக்குற கைதானே!" என்று கத்தினாள் அக்கா. சிரிப்போடு எல்லாக் கைகளும் உயர்ந்தன. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஒரு கையைத் தூக்கினேன்.

சில மாதங்களில் கடையை மாற்றினார்கள். குப்பத்துக்குத் திரும்பும் வளைவில் பூட்டிக் கிடந்த ஒரு கட்டிடத்துக்கு.

"முன்னல்லாம் நடக்க முடியாம பாதியில குந்திக்குவான். இப்போ தவழ்ந்தே போயிட்டு வந்துர்றான்," என்றாள் அக்கா, சங்கரா மீனின் செதிலை உரசியபடி. அவருக்கு வயிறு ஊதி, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. "இந்த தபாவும் நீயே எழுது. ஒன் எழுத்துக்குத்தான் இங்கேர்ந்து எடுத்தாங்க."

'கடையை மூட வேண்டும்' என்று ஒரே வரி எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"போன தபாவும் இதானே எழுதுன?"

ஆமாம் என்றேன்.